நிலக்கரி நாகேந்திரம்

றேடியோவில் ஏழு மணிச் செய்திக்கு முன்னால் வரும் 'பிப்' ஒலி ஆறையும் விரல்விட்டு எண்ணியபடி, நாகேந்திரம் சுவர் மணிக்கூட்டுக்கு நேரே நிற்கிறார். ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை. மற்றக் கையில் கைமணிக்கூடு, உட்பக்கமாகத் திருப்பிக் கட்டியது. ஆறாவது ஒலி விழுந்ததும் சுவரைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார், குசினிப் பக்கம் திரும்பி அறிவிக்கிறார்: "இண்டைக்குப் பதினெட்டு செக்கன் பின்னுக்கு."

அவர் மனைவி பாலேஸ்வரி அக்கா பதின்மூன்று வருடமாக இந்தச் செக்கன் கணக்கைக் கேட்டு அலுத்துவிட்டார். "இடியப்பம் ஆறுது, வாங்கோ" என்று மட்டும் ஒரு குரல் வரும். அவர் போய்த் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நடந்து நடந்தே சாப்பிட்டு முடிப்பார்.

அந்த மணிக்கூட்டுக்குச் சாவியும் இல்லை, பற்றரியும் இல்லை. சுவர்ப் பிளக்கில் செருகிவிட்டால் மின்சாரத்தின் துடிப்புக்கு ஏற்றபடி ஓடும். செக்கனுக்கு ஐம்பது துடிப்பு இருக்கவேண்டும். இலங்கை முழுக்க உற்பத்தியாவதைவிட இழுப்பது கூடினால் துடிப்பு நாற்பத்தொன்பதரைக்கு இறங்கும், முள்ளும் பின்தங்கும். எனக்கு இதை அவர் பத்துத் தரமாவது விளங்கப்படுத்தியிருப்பார். "லக்ஷபான அணையில சுத்துற சில்லும் உங்கட வீட்டு ஃபானும் ஒரே கயித்தில கட்டின மாடு, தங்கச்சி. ஒண்டு நொண்டினா எல்லாம் நொண்டும்."

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைத் தண்டவாளம் வரை போகிற எங்கள் ஒழுங்கையில், தொடர்மாடியின் இரண்டாம் மாடி அவருடையது. எனக்கு அதற்கு நேர் கீழ். வயது ஐம்பத்தாறு, மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் இரண்டு பேனை. இருபத்திரண்டு வருடம் மின்சாரக் கந்தோரின் கட்டுப்பாட்டு அறையில் மேசை பார்த்தவர். எந்த நிலையம் எவ்வளவு தரவேண்டும், எந்த ஊருக்கு எப்போது நிறுத்தவேண்டும் என்று தொலைபேசியில் சொல்கிற மேசை அது. ஏழு மாதமாக அவர் அங்கே இல்லை. கந்தோரின் கீழ்மாடியில் ஒரு அறை, உதிரிப் பாகங்களின் பெயர்ப் பட்டியல், அடிக்காத தொலைபேசி ஒன்று. அந்தப் பதினெட்டுச் செக்கன் இப்போது யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் மனுசன் விடுவதாயில்லை.

கதிரையில் இருக்கவும் மாட்டார். என் வீட்டுக்கு வந்தால் யன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடைதான். "அண்ணை, இருங்கோவன், எனக்குத் தலை சுத்துது" என்று எத்தனை தரம் கத்தியிருக்கிறேன்! "இருந்தா யோசினை வரும் தங்கச்சி" என்பார், நடந்துகொண்டே. போன ஆவணியில் ஒரு கலியாண வீடு. தாலி கட்டுகிற நேரம், எல்லோரும் அரிசியும் பூவும் கையில் வைத்துக்கொண்டு மணவறையைப் பார்க்கிறோம். இவர் மட்டும் முகட்டில் சுற்றும் மின்விசிறி மெதுவாவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஆரோ பெரிய மெசின் ஒண்டைத் தட்டிப்போட்டாங்கள்" என்று என் காதுக்குள் சொல்கிறார். எனக்கு வந்த சிரிப்பில் அரிசி எல்லாம் முன்னால் இருந்தவரின் தலையில் விழுந்தது.

கையில் ஒரு தாள் கொண்டுபோக மாட்டார். பெயர் நாகேந்திரம், பிறந்த ஊர் சாவகச்சேரி. அப்படி ஒருவரின் பையிலிருந்து நாட்டின் மின்கம்பிப் படம் ஒன்று சோதனைச் சாவடியில் வெளியே வந்தால் பிறகு கதைக்க என்ன இருக்கிறது? ஆகவே தீவின் கம்பி முழுவதையும் தலைக்குள் ஏற்றிவைத்திருக்கிறார். பின்னேரம் கடற்கரையில் நடக்கும்போது, கோயிலில் பஞ்சபுராணம் பாடுகிறவர் மாதிரி உதடு அசையும். கிட்டப் போய்க் கேட்டால் உபமின் நிலையங்களின் பெயர், வடக்கிலிருந்து தெற்காக. பையில் இருப்பது மூன்று அட்டைதான். அடையாள அட்டை முதலில், கந்தோர் அட்டை அடுத்தது, பொலிஸ் பதிவுத் துண்டு கடைசியில். ஆமிக்காரன் கை நீட்டுமுன்னமே அந்த ஒழுங்கில் எடுத்து நீட்டுவார்.

நிலக்கரிக்கு வருவோம். ஒழுங்கையில் அவருக்குப் பட்டப்பெயரே அதுதான்.

எண்பத்துநான்கில் இவரையும் வேறு ஏழு பேரையும் தெரிந்தெடுத்து, இங்கிலாந்தில் ஒரு பெரிய நிலக்கரி மின்நிலையத்துக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இங்கேயும் ஒன்று கட்டப்போகிறோம், ஓட்டுவதற்கு ஆள் வேண்டும் என்றார்கள். மணிக்கூடு அங்கே வாங்கியதுதான். இன்னொன்றும் கொண்டுவந்தார்: தேங்காய்ப் பாதியளவு நிலக்கரித் துண்டு. அது கண்ணாடி அலுமாரியில், கலியாணப் படத்துக்கும் சீனத்துப் பொம்மைக்கும் நடுவில் இருக்கிறது. வருகிறவர்கள் "என்ன அண்ணை, அடுப்பில போடாமல் அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறியள்?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு அவர்கள் நேரத்துக்கு வீடு போய்ச் சேர மாட்டார்கள்.

"கப்பலில வரும். பெல்ட்டில ஏறிப் போகும். பிறகு முகத்துக்குப் பூசுற பவுடர் மாதிரி அரைச்சு, காத்தோட ஊதி எரிக்கிறது. அந்த நெருப்பைக் கண்ணாடித் துவாரத்தால பாக்கவேணும்! மழை பெய்யாட்டி அதுக்கென்ன? அது பாட்டுக்கு இரவும் பகலும் நிண்டு குடுக்கும். நாங்கள் தண்ணியை நம்பிக்கொண்டு வானத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறம், விசரர்." இப்படிச் சொல்லும்போது மட்டும் அவர் கால் ஓரிடத்தில் நிற்கும்.

கட்டுவதாகச் சொன்ன இடத்தில் சண்டை வந்தது. நிலையத்தின் வரைபடத்தைத் தெற்குக்குக் கொண்டுபோனார்கள், அங்கே ஊர்ச்சனம் எதிர்த்தது. பயிற்சிக்குப் போன எட்டுப் பேரில் ஐந்து பேர் வெளிநாடு போய்விட்டார்கள், இரண்டு பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். மிஞ்சியது இவர். போன வருடம் மேற்குக் கரையில் கட்டுகிற பேச்சு அடிபட்டபோது, இவர் பெயர் ஷிப்ட் தலைவர் பட்டியலில் முதலாவதாகப் போடப்பட்டிருந்தது. ஓய்வுக்கு நான்கு வருடம் இருந்தது. "கடைசி ஒரு வருசமாவது அந்த நெருப்புக்கு முன்னால நிண்டிட்டு வீட்டை வரவேணும்" என்று என்னிடம் சொன்னார். கட்டுப்பாட்டு மேசையில் ஒரு கறையும் படாமல் இருந்தால் போதும், அந்த இடம் அவருக்குத்தான்.

அந்தத் தொண்ணூற்றாறில்தான் வறட்சி வந்து நீர்த்தேக்கமெல்லாம் அடி தெரிந்தது. மின்வெட்டு ஊர் ஊராக முறை வைத்து வந்தது. எங்கள் பக்கத்துக்குக் காலையில் இரண்டு மணித்தியாலம், மாலை ஆறரைக்குப் பிறகு இரண்டரை. வெட்டுத் தொடங்கிய அதே வாரம் நகரத்தில் கெடுபிடி. ஷிப்ட் மாறி வருகிற தமிழ் ஆட்களைச் சாவடியில் மூன்று மணித்தியாலம் நிறுத்தி வைக்கிறார்கள் என்பதால், நாகேந்திரம் கந்தோரிலேயே கான்வஸ் கட்டிலில் நாலு நாள் படுத்துக்கொண்டார்.

அந்த நாலு நாளும் எங்கள் ஒழுங்கையில் மட்டும் கரண்ட் நிற்கவில்லை.

காலி வீதி இருட்டு. அடுத்த ஒழுங்கை இருட்டு. எங்கள் இருபத்துமூன்று வீடும் திருவிழா மாதிரி எரிகிறது! எல்லோருக்கும் காரணம் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டோம். நம்முடைய ஆள் மேசையில் இருக்கிறார், நம்மைப் பார்த்துக்கொள்கிறார். வாய்விட்டு ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த நாட்களில் அப்படியான விசயம் வாயால் சொல்வதில்லை, கையால்தான் காட்டுவது. கீழ்வீட்டு ஜவாஹிறா ஒரு சட்டி வட்டிலப்பம் கொண்டுபோய்ப் பாலேஸ்வரி அக்காவிடம் கொடுத்தாள். அவளுடைய மகளுக்கு மூச்சிழுப்பு. தகப்பன் சவுதியிலிருந்து அனுப்பிய, மருந்தைப் புகையாக்கி மூச்சுக்குக் கொடுக்கும் மெசினுக்குக் கரண்ட் வேண்டும். மூன்றாம் வீட்டிலிருந்து ஒரு பாரை மீன் போனது. நான் என்ன செய்தேன்? ஒரு வாரத்து உடுப்பு முழுவதையும் அயன் பண்ணி மடித்து வைத்தேன். ஏன் எரிகிறது என்று நானும் கேட்கவில்லை.

அக்காவும் அப்படித்தான் நினைத்தார். தொலைபேசியில் அவரிடம் இதைக் கேட்கவா முடியும்? யார் யார் காது வைத்திருக்கிறார்களோ. "இங்க எல்லாம் நல்லம், எல்லாருக்கும் சந்தோசம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவரும் "ஓம், ஓம்" என்று வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு மனுசன் வந்து சேர்ந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. சுவரைப் பார்த்தார். அந்த மணிக்கூட்டைத் தொட அவரைத் தவிர ஒருத்தருக்கும் அனுமதியில்லை. நாலு நாள் மின்வெட்டில் நின்று நின்று ஓடியிருந்தால் அது பதினெட்டு மணித்தியாலம் பின்தங்கியிருக்கவேண்டும். அது காட்டியது நாற்பது செக்கன் பின்னுக்கு.

"பாலேஸ், இங்க வெட்டு வரேல்லையோ?"

"நீங்கள்தானே..." என்று சொல்லி அக்கா சிரித்தாராம். அவர் முகத்தைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பாவம் அக்கா.

ஆறரைக்கு ஊர் இருண்டது, எங்கள் ஒழுங்கை எரிந்தது. நாகேந்திரம் சாறத்தோடு இறங்கி ஒழுங்கை வாயிலில் நிற்கும் மின்சாரப் பெட்டிக்குப் போனார். நான் பலகணியில் நின்று பார்த்தேன். பெட்டியைத் திறக்கவில்லை, திறக்க முடியாது. அறுபது அடி தள்ளிச் சாவடி. உள்ளங்கையை அதன் தகரத்தில் வைத்தார். பிறகு காதை வைத்தார்.

"ஏய்! மொகத கரன்னே?" என்ன செய்கிறாய் என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கத்தினான்.

"லயிட், மாத்தயா, லயிட்!" என்று இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு சொன்னார். மூன்று அட்டையும் வெளியே வந்தன.

திரும்பி வந்தவரைப் படியில் மறித்துக் கேட்டேன். விசயம் இவ்வளவுதான். இரண்டு கிழமைக்கு முன் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டியவர்கள் எங்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். திருத்த வந்தவர்கள் அவசரத்துக்கு எங்கள் ஒழுங்கையைப் பக்கத்து லைனில் இணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த லைன், காலி வீதிக்கு அப்பால் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியுடையது. ஆஸ்பத்திரிக்கு வெட்டில்லை, ஆகவே எங்களுக்கும் இல்லை.

"அப்ப நல்லதுதானே அண்ணை" என்றேன்.

"பெட்டி சுடுது, தங்கச்சி. இருபத்திமூண்டு வீட்டுப் பிரிட்ஜும் ஃபானும் அந்த ஒரு கம்பியில தொங்குது. அங்க ஒருத்தன்ர வயித்தைத் திறந்து வச்சிருக்கேக்க பியூஸ் போனா?"

மேலே போய் அவர் தொலைபேசியை எடுப்பதற்குள் அக்கா அதன்மேல் கையை வைத்துவிட்டார். "நீங்கள் சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்? சொன்னா, நீங்கள் செய்விச்சது எண்டுதான் சொல்லுவாங்கள். தமிழனுக்கு எண்டா வேற எப்பிடி நினைப்பாங்கள்? நாலு வருசம்தான் கிடக்கு!" கீழே எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவர் சொன்னது என் காதுக்கு எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில், தன் மேசையில் அன்று இருந்த சிங்களச் சகாவிடம் தன் பெயரையும் சொல்லி, ஒழுங்கையின் பெயரையும் சொல்லி, "என் வீடும் இதில்தான்" என்று அவர் சிங்களத்தில் சொன்னது கேட்டது.

அடுத்த நாள் ஆட்கள் வந்து கழற்றினார்கள். மாலை ஆறரைக்கு எங்களுக்கும் இருட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். மெழுகுதிரி தேடும்போது அவரைத் திட்டினேன். ஜவாஹிறா நேரே போய்க் கேட்டாள்: "எங்கட புள்ளக்கி மூச்சு முட்டினா நாங்க எங்க போற, அண்ணன்? நீங்க ஒரு வார்த்த சொல்லாம இருந்திருக்கலாமே!" அவர் சட்டையை மாட்டிக்கொண்டு காலி வீதிக்குப் போய், ஜெனரேட்டர் ஓடுகிற மருந்துக்கடைக்காரரைப் பிடித்து, பிள்ளையை எந்த நேரமும் மெசினோடு கொண்டுவரலாம் என்று சம்மதம் வாங்கிக்கொண்டு வந்தார். அவள் போனாள். ஆனால் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கந்தோரில் விசாரணை. அக்கா சொன்னது அப்படியே நடந்தது. கேபிள் திருத்தியவர்கள் யாருடைய சொல்லுக்கு அப்படி இணைத்தார்கள் என்று கேள்வி. ஆமிக்காரன் எழுதிவைத்திருந்த குறிப்பும் போயிருந்தது: இன்ன பெயருடைய ஆள் பெட்டியில் காது வைத்தார். இருபத்துமூன்று வீட்டுக்கும் வரி போட்ட ஒரு படிவம் கொடுத்து, நாளைக்கு நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள்.

அந்தப் படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தார். சிங்களம் பொழிந்து தள்ளுவார், வாசிக்கத்தான் திணறுவார். நான் கொட்டாஞ்சேனையில் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்தவள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். வழக்கம்போல யன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே சொன்னார்: "கந்தோர்ப் பெரியவர் நல்ல மனுசன். தனியாக் கூப்பிட்டுச் சொன்னவர். இருபத்திமூண்டு வீட்டையும் ஒழுங்கா எழுதிக் குடு, அந்த இருபத்திமூண்டில நீயும் ஒராள், அப்ப அது லைன் பிழை, உன்ர மேசைக்கு ஒண்டும் வராது. உன்ர பேர் மட்டும் எண்டா, நீ உனக்காகச் செய்தது எண்டாகும், எண்டு."

"அப்ப எழுதுவம்" என்று பேனையை எடுத்தேன். மேலிருந்து வாசித்தேன். வீட்டுக்காரர் பெயர். அடையாள அட்டை இலக்கம். சொந்த ஊர். வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்கள், வயது, எங்கிருந்து வந்தவர்கள். நாகேந்திரத்தின் நடை மெதுவானது. கரண்டுக்கும் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்களுக்கும் என்ன சம்பந்தம்? அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் வாசித்தேன்: பிரதி, பொலிஸ் பாதுகாப்புப் பிரிவுக்கு.

அவர் நின்றுவிட்டார்.

மூன்றாம் வீட்டில் மானிப்பாயிலிருந்து வந்து பாஸ்போட்டுக்குக் காத்திருக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர். எனக்குப் பக்கத்து லொட்ஜில் பதினொரு பேர், பாதிப்பேருக்குப் பதிவுத் துண்டு இல்லை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களின் கையிலும் ஒரு தாள் இருந்தது. பெயரை வாசித்து வாசித்துத்தான் கதவைத் தட்டினார்கள். அந்தத் தாளை யார் எழுதிக் கொடுத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேனையை மேசையில் வைத்துவிட்டேன்.

"அண்ணை, மேசை போயிடும். நிலக்கரி...?" என்றேன்.

அவர் கதிரையை இழுத்து, என் வீட்டில் முதல்தரமாக, இருந்தார். படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். முதல் வரியில் தன் பெயர், அட்டை இலக்கம், சாவகச்சேரி. தங்கியிருப்பவர்கள்: மனைவி.

"தங்கச்சி, அடிமட்டம் இருக்கோ?"

எடுத்துக் கொடுத்தேன். அதை இரண்டாம் வரியின் தொடக்கத்துக்கும் இருபத்துமூன்றாம் வரியின் முடிவுக்கும் குறுக்கே வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்து, பேனையால் ஒரே கோடாக இழுத்தார்.